தேங்காய் உடையும் முன்பே அழுத்தியவர்

தவமணி அவர்களின் மகள் கலா, மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க," என்றாள். மீதி நெத்திலியையும் கிள்ளி முடித்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஒரு மாடி இறங்கி, என்னிடம் இருந்த சாவியால் அவர்கள் வீட்டைத் திறந்து, கூடத்திலிருந்த சோபாவைத் தள்ளி, உடம்பு வந்து கிடக்க இடம் கூட்டி வைத்தேன். இருபது வருடத்துக்கும் மேலாகப் பழகியவருக்கு அன்று நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "பாவம், சாது." "யார் வம்புக்கும் போகாதவங்க." நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தவமணி அவர்கள் சாது இல்லை. வம்புக்குப் போனவர். போய், ஜெயிக்காமல் திரும்பி, மறுபடியும் போனவர். அவரைச் சாது என்று சொல்லி மூடிவிட்டால், அவருக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்பதும் சேர்ந்து மூடிப்போகும். அதற்கு நான் விடமாட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் நம் சங்கத்தின் செயலாளர் அருளையா. அவரும் இதில் வருகிறார். ஒரு சொல்லையும் வெட்டாமல் சங்கத்தின் ஆண்டு மலரில் போடுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமணி அவர்கள் கடலுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் பிறந்தவர். எழுபதுகளில் எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்த புதிதில், ஃபெர்ரியில் ஏறி, பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். நான் அதே தொழிற்சாலைக் கேன்டீனில் மங்கு, தட்டு கழுவினேன். அவருக்கு வேலை மைக்ராஸ்கோப்பில். நகத்தில் பாதி அளவுள்ள மின்னணுச் சில்லில், முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது. பிறகு, மற்றவர்கள் ஒட்டியதில் குறை பார்த்து ஒதுக்குவது. எட்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். தொழிற்சாலைக் குடும்ப தினத்தன்று என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பார்க்க வைத்தார். நான் கண்ணை வைத்தேன். உள்ளே ஓர் ஊரே இருந்தது. குறுக்கும் நெடுக்கும் தெருக்கள்.

"இந்தத் தெருவெல்லாம் நாங்க போட்டது அக்கா," என்றார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட முடியவில்லை.

கல்யாணமாகி, கலா பிறந்து, கணவர் லோரி விபத்தில் போய், எங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகுதான் அவருக்குப் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்கு என்னோடு வருவார். நான் மீன் பார்ப்பேன், அவர் மீன்காரர் கையைப் படம் எடுப்பார். முகத்தை எடுக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். "முகம் கேமராவப் பாத்ததும் மாறிடுதுக்கா. கை மாறாது," என்றார்.

அவர் பிலிம் கழுவக் கொடுத்த ஸ்டூடியோக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். பேர் சொல்லமாட்டேன், அவர் பிள்ளைகள் இன்னும் கடை நடத்துகிறார்கள். முப்பத்தாறு படம் எடுத்துக் கொடுத்தால் இருபதுதான் அச்சாகி வரும்.

"மத்ததெல்லாம் எங்கண்ணே?"

"அதுல முகமே இல்ல தங்கச்சி. வெறும் கை, காலு, செருப்பு. உங்க காசு வீணாகக் கூடாதுன்னு பிரிண்ட் போடல."

"என் காசு வீணாப் போனா உங்களுக்கு என்ன?"

"மனசு கேக்கல."

அந்த மனசை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வருடக்கணக்கில் இப்படியே நடந்தது. கடை மாற்றினாலும் இதே கதைதான். ஒருவர் படம் இருட்டு என்பார், இன்னொருவர் கோணல் என்பார். தவமணி அவர்கள் வீட்டுக்கு வந்து நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். "அண்ணே நல்லவர்தாங்க்கா. ஆனா என் கண்ணுக்கும் என் படத்துக்கும் நடுவுல நிக்கிறாரு," என்று ஒருநாள் சொன்னார்.

பிறகு தொழிற்சாலையில் அவருடைய பிரிவை மூடி, வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இத்தனை வருட உழைப்புக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணம் வந்த வாரமே, என்னையும் கூட்டிக்கொண்டு கொம்தார் கடைத்தொகுதிக்குப் போனார். பிலிம் இல்லாத கேமரா வந்திருக்கிறது என்று கலா தன் கம்ப்யூட்டர் வகுப்பில் கேள்விப்பட்டு வந்து சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் நம் தமிழ் முஸ்லிம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பையனுக்கா அக்கா?" என்றார்.

"எனக்கு."

"இதுக்கு கம்ப்யூட்டர்லாம் வேணும் லா. உங்களுக்கு பிலிம்லயே சின்னதா ஒண்ணு தரேன், அமுக்குனா போதும்."

"இதை எடுங்க. முன்னால கையால பொத்திக்கிட்டு ஒரு படம் எடுங்க."

"பொத்திக்கிட்டு எடுத்தா இருட்டுத்தானக்கா வரும்?"

"அந்த இருட்டைத்தான் நான் பாக்கணும்."

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எடுத்தார். கேமராவைக் கடை டிவியில் மாட்டச் சொன்னார் தவமணி அவர்கள். திரை முழுக்கக் கறுப்பு. அவர் டிவிக்குக் கிட்டே போய், விரலால் மூன்று இடத்தைத் தொட்டார். ஊசிமுனை அளவில் மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

"டிவில தூசி," என்று கடைக்காரர் சட்டை நுனியால் துடைத்தார். புள்ளி போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"தூசி இல்ல தம்பி. உள்ள இருக்குற சில்லுல மூணு புள்ளி கெட்டிருக்கு. இதை ஒதுக்குங்க. அடுத்ததைத் திறங்க."

அடுத்ததில் ஒரு புள்ளி. அதையும் ஒதுக்கினார். மூன்றாவது பெட்டியில் இருட்டு சுத்தமாக இருந்தது. அதற்குள் கடையில் வேறு வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். கடைக்காரர் ரசீது எழுதிக்கொண்டே, "அக்கா எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று கேட்டார். "மைக்ராஸ்கோப்புல," என்றார் தவமணி அவர்கள். அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உறவுக்காரர்கள் பேசினார்கள். கணவரின் தங்கை வீடு தேடி வந்து, "வயசுப் பிள்ளையை வெச்சிக்கிட்டு வெளையாட்டுச் சாமான் வாங்கியிருக்கீங்க. கலாவுக்கு ஒரு சங்கிலி வாங்கியிருக்கலாம்ல அண்ணி," என்றார். கலாவே பதில் சொன்னாள். "சங்கிலி போட்டா கேமராவ எங்க மாட்டுறது அத்தை?" அவர் காபி குடிக்காமல் எழுந்து போனார். போட்ட காபியை நான் குடித்தேன்.

கேமராவைத் தவமணி அவர்கள் தொழிற்சாலைப் பொருள் போலவே வைத்திருந்தார். உடம்பிலிருக்கும் மின்சாரம் சில்லில் பாய்ந்தால் சில்லு கெட்டுப்போகும் என்று அங்கே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதிலிருந்து ஒரு வயர் போய் இரும்பைப் பிடித்திருக்கும். அந்தப் பட்டையை வேலையை விட்டு வரும்போது கொண்டுவந்திருந்தார். படம் சேரும் அட்டையை மாற்றும் ஒவ்வொரு தடவையும், பட்டையைக் கட்டி, வயரைக் குசினித் தண்ணீர்க் குழாயில் மாட்டிக்கொள்வார். வேண்டியதே இல்லை என்று கலா எத்தனையோ தடவை சொன்னாள். "நீ படிச்சவ, சொல்லுவ. நான் கெட்டதை ஒதுக்கினவ," என்பார். அந்தக் கேமரா பேட்டரியைக் குடித்துத் தள்ளும். பிஸ்கட் டின்னில் நான்கு நான்காக ரப்பர் போட்டுக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் சார்ஜ் போட்ட நாளை எழுதி வைத்திருப்பார்.

ஆனால் அதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. பொத்தானை அழுத்தினால் உடனே எடுக்காது. ஒரு நொடி யோசிக்கும். பிள்ளைகள் குதிக்கும்போது அழுத்தினால், குதித்து முடித்து நடந்து போகிற படம் வரும். "கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி லா அக்கா. மனுவக் கொடுத்துட்டு உக்காந்திருக்கணும்," என்பார். தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது சாலையில் தேங்காய் உடைப்பார்களே, அந்தத் தேங்காய் வெடிக்கிற நேரத்தை எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இந்தக் கேமராவை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவரை யார் நிறுத்துவது.

இரண்டு மாதம், சாயங்காலம் தோறும், கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி நான் தரையில் அடிப்பேன். அவர் எடுப்பார்.

"அடிங்கக்கா."

"முதுகு விட்டுப்போச்சுடி."

"இன்னும் நாலுதான்."

"நேத்தும் நாலுதான்னு சொல்லி நாப்பது அடிச்சேன்."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எங்களுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டோம். கடைசியில் அவர் கண்டுபிடித்தது இதுதான். பையைப் பார்த்து அழுத்தினால் பிந்திவிடும். என் தோளைப் பார்க்க வேண்டும். தோள் பின்னால் போய் நிற்கும் அந்தக் கணத்தில் அழுத்தினால், கேமரா யோசித்து முடிப்பதற்கும் பை வெடிப்பதற்கும் சரியாக இருக்கும். "உடையறதுக்கு முந்தியே அழுத்திடணும்க்கா. உடையும்னு நம்பி அழுத்தணும்."

ரதம் வரும் நாள் டத்தோ கெராமட் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் மணிக்கட்டில் பட்டை. வயர் பந்தலின் இரும்புக் காலில். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் பயந்துபோய், "என்னக்கா, ஷாக் அடிக்குமா?" என்றார். "எனக்கு அடிச்சாப் பரவால்ல. இதுக்கு அடிக்கக் கூடாது," என்றார் தவமணி அவர்கள்.

அன்று எடுத்ததில் ஒரு படம். தேங்காய் நான்காகப் பிளந்திருக்கிறது. தண்ணீர் வெள்ளையாக விரிந்து நிற்கிறது. அதற்குப் பின்னால், சாலை கூட்டும் ஒரு பெண், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, சிதறல் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பியிருக்கிறார். எல்லாரும் உடைக்கக் காத்திருக்கிறார்கள். அவர் ஒருவர்தான் முடியக் காத்திருக்கிறார். நான் மங்கு கழுவியவள். அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும்.

சங்கத்தின் புகைப்படப் போட்டிக்கு அதை அனுப்பினார். பூர்த்தி செய்யும் மனுப் பாரத்தில் 'நெகட்டிவ் இணைக்கப்பட வேண்டும்' என்று இருந்தது. இந்தக் கேமராவுக்கு நெகட்டிவ் கிடையாது, அட்டையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கடிதம் வைத்தார். படம் திரும்பி வந்தது. நாங்கள் இருவரும் சங்கத்துக்குப் போனோம். அருளையா மேசையில் இருந்தார். எதிரே மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது ஐயா.

"நெகட்டிவ் இல்லாட்டி நீங்கதான் எடுத்தீங்கன்னு எப்படிம்மா நம்புறது?"

"நான் சொல்றேனே."

"கம்ப்யூட்டர்ல தண்ணியும் வரையலாம், தேங்காயும் வரையலாம். உங்க மக கம்ப்யூட்டர் படிக்குதாமே."

தவமணி அவர்களின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் குரல் ஏறவில்லை.

"என் மக வரைஞ்சிருந்தா அவ பேர்லதான் அனுப்பியிருப்பேன். அடுத்த தைப்பூசத்துக்கு வந்து என் பக்கத்துல நில்லுங்க. எந்தத் தேங்காய்னு நீங்க காட்டுங்க. நான் எடுக்கறேன்."

"எதுக்கும்மா வீண் பிடிவாதம்?"

"நீங்க பிடிச்சா விதி, நான் பிடிச்சா பிடிவாதமா?"

அந்த வருடம் பரிசு வாங்கிய படம் ஒரு சூரிய அஸ்தமனம். நெகட்டிவ் இருந்தது.

இடையில் அவருக்கு மார்பில் கட்டி என்று அறுத்தார்கள். வலது கை வீங்கி, தூக்க முடியாமல் போனது. பொத்தான் இருப்பதோ வலது பக்கம். அடுத்த தைப்பூசம் வந்தபோது, வேண்டாம் என்று நானே சொன்னேன். "அருளையா வந்து நிப்பாரு, நான் வரலன்னா கலாதான் வரைஞ்சாள்னு ஆயிடும்," என்றார். கிளம்பிவிட்டோம்.

அருளையா வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளை வேட்டி, குடை. அவர் வந்ததை எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். கூட்டத்தில் ஒரு சீனர், மனைவி பிள்ளைகளோடு தேங்காய்க் குவியலுக்கு முன்னால் நின்றிருந்தார். "அவர் கையில இருக்கறது," என்றார் அருளையா. நான் தவமணி அவர்களின் முழங்கையை என் இரண்டு கையாலும் தாங்கினேன். வீங்கிய கை சூடாக இருந்தது. சீனர் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். நான் தேங்காயைப் பார்த்தேன். தவமணி அவர்கள் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சத்தம் கேட்பதற்கு முன்பே அவர் விரல் இறங்கியதை என் கையில் உணர்ந்தேன்.

சின்னத் திரையில் படம் வந்தது. தேங்காய் வெடித்து, ஓடு ஒன்று காற்றில் நிற்க, சீனரின் வாய் திறந்திருந்தது. அருளையா கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சரிதாம்மா. நீங்க எடுத்ததுதான். நான் பார்த்தேன்."

"அப்போ இந்த வருசம் சேத்துக்குவீங்களா?"

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "விதியை நான் ஒருத்தனா மாத்த முடியாதும்மா. கமிட்டி இருக்கு. உங்களுக்காக வேணும்னா மகளிருக்கு ஒரு ஆறுதல் பரிசுன்னு..."

தவமணி அவர்கள் கேமராவை இடது கைக்கு மாற்றி, இரண்டு பொத்தான்களை அழுத்தினார். திரை காலியானது.

"என்னம்மா செஞ்சீங்க?"

"அழிச்சிட்டேன். உங்களுக்குக் காட்டறதுக்கு எடுத்தது. காட்டிட்டேன். ஆறுதல் எனக்கு வேணாங்க."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் அவரைப் பிடித்துத் திட்டினேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு எடுத்த படம். அந்த மனிதருக்கு வலிக்க வேண்டும் என்று தன் பொருளை யாராவது அழிப்பார்களா? அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "போன வருசப் படம் இருக்குல்லக்கா. அதுதான் படம். இது சாட்சி. சாட்சி சொல்லி முடிச்சா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்," என்றார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரரின் பாதத்தைக்கூடப் படம் எடுத்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அருளையா வந்தார். இந்தத் தடவை நான் அவரை உட்காரச் சொன்னேன். இந்தக் கட்டுரையைக் கேட்டார். பிறகு, அந்தத் தேங்காய்ப் படத்தை மலரின் அஞ்சலிப் பக்கத்தில், கறுப்புக் கட்டம் போட்டு வெளியிடலாம், கமிட்டி ஒப்புக்கொண்டது என்றார். கலா என்னைப் பார்த்தாள்.

"அஞ்சலிப் பக்கம் வேண்டாம். போட்டியில சேருங்க," என்றேன்.

"இறந்தவங்களை எப்படிம்மா..."

"எடுத்தப்ப உசிரோடதான் இருந்தா. பேருக்கு முன்னால மறைந்த-ன்னு போடக் கூடாது. மத்த படத்தோட படமா வைங்க. நல்லா இல்லன்னா தள்ளுங்க. செத்துப்போனாள்னு இரக்கப்பட்டுப் பரிசு கொடுத்தீங்கன்னா, நானே கொண்டாந்து உங்க மேசையில வெச்சிட்டுப் போவேன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு பையிலிருந்து இந்த வருடப் போட்டிப் பாரத்தை எடுத்தார். நெகட்டிவ் என்ற வரியைத் தன் பேனாவால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். "கமிட்டியில நான் பேசிக்கறேன்," என்றார். அந்தக் கையெழுத்துக்காக அவரிடம் என் கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன். மீதிப் பாதி இருக்கிறது.

நேற்று சங்க மண்டபத்தில் படங்களை மாட்டினார்கள். அவரோடு மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்த ஐந்து பெண்கள் மாக் மண்டினிலிருந்தும் பாயான் பாருவிலிருந்தும் வந்திருந்தார்கள். தேர்ந்தெடுப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்று யார் படத்திலும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். தவமணி அவர்களின் படம் இருபத்தேழு. இந்தப் பக்கம் யாரோ எடுத்த கோவில் கோபுரம், அந்தப் பக்கம் யாரோ எடுத்த பூனை. ஆணியை அருளையாவே அடித்தார். ஏணியில் நின்றபடி, "நேரா இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க," என்றேன். ஏற்றினார்.

முடிவு அடுத்த வாரம். இந்த மலர் அதற்கு முன்பே அச்சுக்குப் போகிறது, அதனால் எனக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தவமணி, உன் படம் சுவரில் இருக்கிறது. மற்ற படங்களோடு ஒரே உயரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் தேங்காயைப் பார்க்கிறார்கள், பிறகு அந்தப் பெண்ணைப் பார்க்கிறார்கள், பிறகு இன்னும் கிட்டே வருகிறார்கள். நான் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். நீ போய் வா.